வீட்டோடு முடங்கிய அம்மாவுக்கு நற்கருணை கிடைக்க யாரை அணுகுவது?

பினாங்கு வாசகி: இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அம்மாவால் ஞாயிறு திருப்பலி வழிபாட்டுக்கு வந்து நற்கருணை அப்பம் பெற இயலவில்லை, எங்கள் பழைய அடுக்குமாடியில் மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்பதில்லை என்பதால் சக்கர நாற்காலியிலும் கீழே இறக்க முடியவில்லை. பங்குத்தந்தையை வீட்டுக்கு அழைத்தால் தொந்தரவாகிவிடுமோ என்று அவர் தயங்குகிறார்.

அன்பியப் (பங்கில் அருகருகே வாழும் குடும்பங்களின் சிறு குழு) பொறுப்பாளர்: சகோதரி, தயக்கமே வேண்டாம். குடும்பங்களைச் சந்திப்பதையும் நோயாளிகளை அன்புடன் பேணுவதையும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 529ஆம் பிரிவு பங்குத்தந்தையின் கடமையாகவே வைத்திருக்கிறது. பங்கு அலுவலகத்தில் பெயர், முகவரி, மாடி எண் கொடுங்கள். அன்பியத் தலைவரிடமும் சொல்லுங்கள், ஏனெனில் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுவரும் பணியாளர்களைத் தவறாமல் அழைத்து வருபவர் பெரும்பாலும் அவர்தான். சிறிய மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, அருகில் ஒரு குவளைத் தண்ணீர் இருந்தால் போதும். முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் நற்கருணை பெறுமுன் கடைப்பிடிக்கும் ஒரு மணி நேர உண்ணா நோன்பு கட்டாயமில்லை.

கோலாலம்பூர் வாசகர்: நோயுற்றோருக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலையும் கேளுங்கள். அதைக் குருவானவர் மட்டுமே வழங்க முடியும். சாகும் தறுவாயில் மட்டும் தருவது என்று நம் பெரியவர்கள் பலர் இன்னும் அஞ்சுகிறார்கள்; முதுமையாலோ கடும் நோயாலோ ஆபத்து தொடங்கும்போதே பெறலாம், நிலை மோசமானால் மீண்டும் பெறலாம்.

பினாங்கு வாசகி: நன்றி ஐயா. நாளைக் காலையே அலுவலகத்துக்குப் போகிறேன்.

அன்பியப் பொறுப்பாளர்: அம்மா தமிழில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்ய விரும்பினால் அதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.