கணினித் துறையிலிருந்து வியாபாரத்துக்குப் புதுமை வருமா?

வைகைக்கரை (கேள்வி):
வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரி பாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் கணினித் துறையைக் கவனித்து வருகிறேன். இந்த ஆண்டு எங்கள் துறையிலிருந்து புதுமையாக ஏதேனும் வர வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பிரிண்டர் பழுது, பாஸ்வேர்டு மாற்றம், ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் என்றே பொழுது போய்விடும் ஒரு சிறிய துறை எங்கிருந்து தொடங்குவது? செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை வாங்கிவிடலாம் என்பது மேலாளரின் விருப்பம்.

தெப்பக்குளம்:
இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் ஆட்களில் ஒருவரைச் சில நாள் சரக்கு ஏற்றும் இடத்தில் உட்கார வையுங்கள். ஒரே விவரம் எத்தனை இடங்களில் எழுதப்படுகிறது என்று அவர் பார்க்கட்டும். நான் அறிந்த ஓர் ஆலையில், சரக்கோடு போகும் ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லில் ஏற்கெனவே இருக்கும் லாரி எண்ணை வாட்ச்மேன் நோட்டில் எழுதுவார், சரக்குப் பொறுப்பாளர் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவார், விற்பனைப் பிரிவில் ஒருவர் எக்செல்லில் ஏற்றுவார். இவ்வளவுக்கும் பிறகு, வண்டி கிளம்பிவிட்டதா என்று கேட்கும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. அந்த விவரத்தை வாடிக்கையாளரே பார்த்துக்கொள்ள வழிசெய்த பிறகு, அதையே காட்டி விற்பனைப் பிரிவினர் புதிய ஆர்டர்களைக் கேட்கத் தொடங்கினர்.

அழகர்மலை:
நல்ல யோசனைதான். ஆனாலும் இருக்கும் வேலையை எளிதாக்குவது வேறு, தொழிலை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோவது வேறு. 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனிப் பக்கத்துக் கிராமங்களில் சிறு பரிசோதனை மையங்களை அமைத்தபோது, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து தொலைதூர வைஃபை இணைப்பைப் பயன்படுத்தியது. பயிற்சி பெற்ற பணியாளர் மையத்தில் கண்ணைப் பரிசோதிக்க, மருத்துவர் தேனியில் இருந்தபடியே நோயாளியிடம் காணொளியில் பேசினார். ஊருக்கு ஒரு மருத்துவரை அமர்த்த இயலாது என்ற சிக்கலை முதலில் வைத்துக்கொண்டு தேடியதால்தான் கருவி பொருந்தியது.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. இத்தகைய திட்டத்துக்கு யாரைப் பொறுப்பாக்குவது? எங்கள் துறையையா?

தெப்பக்குளம்:
வேண்டாம். திட்டம் விற்பனைத் தலைவர் பெயரில் இருக்கட்டும், அவர் பிரிவின் கணக்கிலேயே செலவு எழுதப்படட்டும். இல்லாவிட்டால் முதல் தடங்கலிலேயே அது கம்ப்யூட்டர்காரர்களின் விளையாட்டாகிவிடும். பிரிண்டர் பழுதை வெளி ஒப்பந்தத்துக்கு விட்டு, உங்களில் ஒருவரை முழு நேரமும் இதற்கே ஒதுக்குங்கள். முதலில் ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் சோதித்துப் பாருங்கள். அடிக்கடி போன் செய்து சத்தம் போடுபவர் ஒருவர் இருப்பாரே, அவரே பொருத்தமானவர்.