ரீல்ஸ், சீரியல், பிரசங்க வீடியோ: வசனத்தை வைத்து எப்படிச் சோதிப்பது?

கேள்வி:
ஸ்தோத்திரம். தினமும் பார்ப்பதில், கேட்பதில் எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று வேதத்தை வைத்தே முடிவெடுக்க விரும்புகிறேன். ஆனால் ரீல்ஸ், சீரியல் என்ற பெயர்கூட வேதத்தில் இல்லையே. "பொல்லாங்காய்த் தோன்றுகிற எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள்" என்ற வசனத்தைக் காட்டி, மொத்தமாக விட்டுவிடச் சொல்கிறார்கள் சிலர். அதுதான் சரியா?

பதில் 1:
அந்த வசனத்தை (1 தெசலோனிக்கேயர் 5:22) தனியாகப் பிய்த்து எடுக்காதீர்கள். 20இல் "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்", 21இல் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்". அதற்குப் பிறகுதான் 22. சோதிக்காமல் ஒதுக்குவதற்கு அங்கே இடமே இல்லை. 'தோன்றுகிற' என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் 'எய்தோஸ்' என்ற சொல் இருக்கிறது. அதற்கு 'வகை' என்றும் பொருள். எந்த வகைத் தீமையானாலும் விலகு என்பதே கருத்து. பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பதுதான் அளவுகோல் என்றால், பாவிகள் என்று எண்ணப்பட்ட ஆயக்காரரோடு (வரி வசூலிப்பவர்களோடு) பந்தியிருந்த இயேசுவையே குற்றம் சொல்ல வேண்டிவரும் (மத்தேயு 9:10, 11).

பதில் 2:
நடைமுறைக்கு 1 கொரிந்தியர் 6:12ஐயும் 10:23, 24ஐயும் சேர்த்து வாசியுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேயே இருக்கின்றன: இது தகுதியானதா? என்னை அடிமைப்படுத்துகிறதா? பக்திவிருத்தி உண்டாக்குகிறதா? பிறனுக்குப் பிரயோஜனமா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதிக்க உட்காராதீர்கள், மூன்றாம் நாளே சலித்துவிடும். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு காரியம். சீரியல் என்றால், பார்த்து முடித்தவுடன் மனதில் எது நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள்: பொறாமையா, பழிவாங்கும் ஆசையா, இரக்கமா? உண்மையும் நீதியும் கற்பும் அன்பும் உள்ளவைகளையே சிந்தியுங்கள் என்கிற பிலிப்பியர் 4:8க்குப் பக்கத்தில் அந்த வரியை வைத்துப் பாருங்கள். ஒரு நாள் பார்க்காமல் இருங்கள். கை தானாகப் போனைத் தேடினால் அடிமைத்தனக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. உங்கள் முடிவை எல்லார் மேலும் சட்டமாக ஏற்றாதீர்கள். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்ற கட்டளைகள் மாம்ச இச்சையை அடக்க உதவாது என்பதே கொலோசெயர் 2:21-23இன் வாதம். வேதம் நேரடியாகத் தடுக்காத காரியங்களுக்கு ஒருவரையொருவர் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்கிற ரோமர் 14ஐ முழுதாக வாசியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. பிரசங்க வீடியோக்களில் வசனம் சொல்லித்தானே பேசுகிறார்கள், அதையும் சோதிக்க வேண்டுமா?

பதில் 3:
அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், சகோதரரே. பவுல் பேசியதையே பெரேயா பட்டணத்தார் வேதத்தை வைத்து தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17:11.

வனாந்தரத்தில் பிசாசு இயேசுவைச் சோதித்ததைக் கவனியுங்கள். தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு எடுத்துச் சொன்னது சங்கீதம் 91:11, 12. ஆனால் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற பகுதி மத்தேயு 4:6இல் இல்லை. இயேசு சங்கீதத்தை மறுக்கவில்லை, "என்றும் எழுதியிருக்கிறதே" என்று தேவனைப் பரீட்சை பாராதிருங்கள் என்கிற உபாகமம் 6:16ஐ அதன் பக்கத்தில் வைத்தார்.

ஆகவே வசனம் சொல்லப்பட்டதும் வீடியோவை நிறுத்தி, அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது? "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற எரேமியா 29:11 உடனடி ஆசீர்வாதத்துக்கென்று அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. முந்தின வசனத்தைப் பாருங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பிறகு என்று இருக்கிறது.