ஒரே பிரிவில் மூன்று கிளெப்சியெல்லா தொற்றுகள்: மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தல் எதைச் சொல்லும்?

கேள்வி – தாதிய உத்தியோகத்தர், கொழும்பு

வணக்கம். நான் பணியாற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவில், அடுத்தடுத்து மூன்று நோயாளரின் குருதியில் மெரோபெனெம் என்ற வீரியமிக்க அன்ரிபயோட்டிக் மருந்துக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பற்றீரியா வளர்ந்தது. மூன்று அறிக்கைகளிலும் ஏறத்தாழ எல்லா அன்ரிபயோட்டிக் மருந்துகளுக்கும் நேரே எதிர்ப்பு என்றே குறிக்கப்பட்டிருப்பதால், இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியதுதான் என்றும், தாதியர் கை கழுவாததே காரணம் என்றும் பேச்சு எழுந்துள்ளது. ஆனால் மூன்றாமவர் அனுமதிக்கப்படும் முன்னரே முதலாமவர் வீடு திரும்பிவிட்டார். கிருமிகளின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்தினால், அதாவது அவற்றின் டி.என்.ஏ. எழுத்துகளை முழுமையாக வாசித்தால், இதற்கு விடை கிடைக்குமா?

பதில் 1 – நுண்ணுயிரியல் மருத்துவர்

பெருமளவுக்குக் கிடைக்கும். அறிக்கைகள் ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது. மெரோபெனெம் போன்ற மருந்துகளுக்கு எதிர்ப்பைத் தருவதும் தெற்காசியாவில் பரவலாகக் காணப்படுவதுமான என்.டி.எம். மரபணு, வேறு பல எதிர்ப்பு மரபணுக்களுடன் சேர்ந்து ஒரே பிளாஸ்மிட்டில் (பற்றீரியாக்களிடையே தாவக்கூடிய சிறு டி.என்.ஏ. வளையம்) பயணிப்பதால், தொடர்பே இல்லாத இரண்டு கிளெப்சியெல்லாக்களும் ஒரே மாதிரியான அறிக்கையைத் தரலாம். இந்தப் பற்றீரியாவின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 55 இலட்சம் எழுத்துகள் உள்ளன. அவற்றை ஒப்பிடும்போது சில எழுத்துகளே வேறுபட்டால் அண்மைக்காலப் பரவலைச் சந்தேகிக்கலாம். ஆயிரக்கணக்கில் வேறுபட்டால் அவை தனித்தனியே வந்தவை.

முதலாமவர் வீடு திரும்பிவிட்டார் என்பது தொடர்பின்மைக்குச் சான்றாகாது. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்களின் மருத்துவமனையில் இதே இனம் 18 நோயாளரிடம் பரவியது. 11 பேர் இறந்தனர், அவற்றுள் 6 மரணங்களுக்கு இத்தொற்றே காரணம் எனக் கொள்ளப்பட்டது. முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரங்களின் பின்னரே அடுத்த தொற்று வெளிப்பட்டதால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கருதுவது எளிதாக இருந்தது. வரிசைப்படுத்தியபோதோ, அந்த ஒருவரிடமிருந்தே மூன்று தனித்தனிப் பரவல்கள் தொடங்கியிருந்தமை தெரியவந்தது. நோய்க்குறி இன்றிக் குடலில் கிருமியைச் சுமந்தவர்களே இடையிலிருந்த கண்ணிகள். கிருமிநீக்கம் செய்த பின்னரும் ஒரு செயற்கைச் சுவாசக் கருவியில் அக்கிருமி இருந்தது.

பதில் 2 – மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்

டொக்டர் சொல்வதுடன் உடன்படுகிறேன். ஆயினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிளாஸ்மிட்டு கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலை போன்ற வேறு இனப் பற்றீரியாக்களுக்கும் தாவும். கைகழுவும் தொட்டியின் வடிகாலில் அப்படித் தாவிக்கொண்டிருந்தால், பற்றீரியாக்களை மட்டும் ஒப்பிடும் பகுப்பாய்வு "இவை வேறு வேறு" என்றே சொல்லும். மூலமோ ஒன்றாகவே இருக்கும். குறுந்துண்டுகளாக வாசிக்கும் கருவிகளால் பிளாஸ்மிட்டை முழுமையாகப் பொருத்திக் காட்டுவது கடினம். அதற்கு நானோபோர் போன்ற நீள்வாசிப்புக் கருவி தேவை.

கொழும்பில் இது முடியாத காரியமும் அல்ல. கொவிட் காலத்தில் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் வைரஸை வரிசைப்படுத்தினார்கள். அது 30,000 எழுத்துகள் கொண்ட வைரஸ், இது பெரிய வேலை என்பது உண்மைதான். ஆனால் என் பார்வையில் உண்மையான தடை கருவியன்று. அறிக்கை போனதும் வளர்ப்புத் தட்டுகள் அழிக்கப்பட்டுவிடுகின்றன. பிறகு எதை வரிசைப்படுத்துவது?

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மூன்று மாதிரிகளையும் உறைகுளிரில் வைக்குமாறு இன்றே கேட்கிறேன். யார் கையால் பரவியது என்பதையும் இது காட்டிவிடுமா? சக தாதியரின் அச்சம் அதுதான்.

பதில் 3 – நுண்ணுயிரியல் மருத்துவர்

காட்டாது, சகோதரி. எழுத்து வேறுபாடுகள் இரண்டு கிருமிகளின் உறவைச் சொல்லுமே தவிர, யாரிடமிருந்து யாருக்கு என்பதைக்கூடப் பல வேளைகளில் உறுதியாகச் சொல்லா. கட்டில் இலக்கம், இடமாற்றத் திகதி, பயன்படுத்திய சுவாசக் கருவி ஆகிய பதிவுகளுடன் சேர்த்து வாசித்தால்தான் பாதை புலப்படும். அவற்றை இப்போதே எழுதி வையுங்கள். முடிவு வரும்வரை காத்திராமல், பிரிவிலுள்ள ஏனைய நோயாளரின் மலவாய் சுவாப் மாதிரிகளை அனுப்பி, கிருமி காணப்படுவோரைப் புறம்பாக வைக்குமாறு தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியிடம் சொல்லுங்கள்.