மகரந்தம் எடுத்து வைக்கும் முறை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

லில்லிப்பித்தன்:
லில்லி, ஹிப்பியாஸ்ட்ரம் (அமரில்லிஸ் என்ற பெயரிலும் விற்கும் பூச்செடி) இரண்டிலும் இரு ரகங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்கும்போது, விதை தரவேண்டிய தாய்ச்செடி பூக்கும் நேரத்தில் மகரந்தம் தரவேண்டிய ஆண் பெற்றோரில் பல நேரம் பூ முடிந்திருக்கும். அதனால்தான் மகரந்தத்தை எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பூ விரியும் அன்று காலையில், மகரந்தப்பை வெடிப்பதற்கு முன்பே இடுக்கியால் பையோடு எடுத்துவிடுங்கள். வெடித்தபின் எடுத்தால் தேனீ வேறு பூவின் தூளைக் கலந்திருக்கலாம். நனைந்த பூவைத் தொடவே வேண்டாம். ஈரம் பட்ட மகரந்தம் உப்பி வெடித்துவிடும்.

பட்டர் பேப்பரில் பரப்பி நிழலில் ஒரு நாள் விட்டால் பை சுருங்கித் தூள் உதிரும். வெயில் கூடாது, மின்விசிறிக் காற்றும் கூடாது. பையின் தோலையும் காம்பையும் பொறுக்கி எறியுங்கள். அவற்றில் தங்கும் ஈரத்தில்தான் பூஞ்சணம் பிடிக்கிறது. தூளை காலி ஜெலட்டின் கேப்ஸ்யூல்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள காற்றுப்புகாத குப்பியில் அடையுங்கள். ரகமும் தேதியும் பென்சிலால் எழுதுங்கள், மை கலைந்துவிடும்.

மாடித்தோட்டம்:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சில வாரங்களுக்கு என்றால் ஃப்ரிட்ஜில் 4 டிகிரி போதும். அடுத்த பருவம் வரை என்றால் ஃப்ரீசர்தான், மைனஸ் 18 அல்லது 20. பெரும்பாலும் கெடுவது திறக்கும்போதுதான். வெளியே எடுத்த உடனே மூடியைத் திருகினால் குப்பியின் உட்புறம் நீர் பூக்கும். தூள் கட்டிதட்டி பிரஷில் பசையாக ஒட்டும். அப்புறம் அது எதற்கும் ஆகாது. அறைச்சூட்டுக்கு வரும்வரை, குறைந்தது அரை மணி நேரம், மூடியபடியே இருக்கட்டும். ஒரு நாள் தேவைக்கு ஒரு சிறு குப்பி என்று பிரித்து வைத்தால் மீதியைத் தொட வேண்டியதில்லை.

நாட்டுவிதை:
மக்காச்சோளத்துக்கு இது பொருந்தாது. புல் இனங்களின் மகரந்தம் பெரும்பாலும் உலர்ந்தாலே செத்துவிடும்; உதிர்ந்த சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். பூசணியும் சேமிப்புக்குத் தோதுப்படாது. மறுநாள் விரியவிருக்கும் ஆண் பூ, பெண் பூ இரண்டையும் முந்தின மாலையே கட்டிவைத்து, காலையில் நேரடியாகத் தடவுவதே நல்லது.

லில்லிப்பித்தன்:
எடுத்து வைத்த மகரந்தத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 10 கிராம் சர்க்கரை, 10 மில்லிகிராம் போரிக் அமிலம், 30 மில்லிகிராம் கால்சியம் நைட்ரேட் கலந்து, அதில் ஒரு சொட்டில் தூளைப் போட்டு நுண்ணோக்கியில் பாருங்கள்; உயிருள்ள மகரந்தம் மெல்லிய குழாய் விட்டு முளைக்கும். இவ்வளவு குறைவாக நிறுக்க முடியாது என்பதால், 1 கிராம் போரிக் அமிலத்தை 100 மில்லி நீரில் கரைத்து அதில் 1 மில்லி எடுங்கள். கால்சியம் நைட்ரேட்டுக்கும் அப்படியே, 3 கிராம் கரைத்து 1 மில்லி.

உலர்ந்த தூளை நேரே சொட்டில் போட்டால் சவ்வு கிழிந்து, நல்ல மகரந்தமும் செத்ததுபோல் தெரியும். ஈரப்பஞ்சு வைத்த மூடிய டப்பாவில், பஞ்சு படாமல் ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டுப் போடுங்கள். குழாயின் நீளம் மகரந்தத்தின் விட்டத்தைத் தாண்டினால்தான் முளைத்ததாகக் கணக்கு. உயிர் பார்க்கச் சிலர் பயன்படுத்தும் அசிட்டோகார்மைன் சாயத்தை நம்ப வேண்டாம், செத்த மகரந்தமும் சிவக்கும். முளைப்பு குறைந்திருந்தால் சூல்முடியில் (மகரந்தம் ஏற்கும் பெண் உறுப்பின் நுனி) தாராளமாகப் பூசி, மறுநாளும் ஒருமுறை பூசுங்கள்.