ஈபிள் கோபுரமே பேய்ச்சிறை: பாரிஸ் எபிசோட் நிற்குமா, விழுமா?

கருவிப்பெட்டி:
'த ரியல் கோஸ்ட்பஸ்டர்ஸ்' கார்ட்டூன்ல (1986–91) பாரிஸ் எபிசோடை இங்க ஆளாளுக்குத் தூக்கி வச்சுப் பேசுறீங்க. பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி: ஈபிள் கோபுரத்துல வேலை பார்க்குற ஆட்கள் குஸ்தாவ் ஈபிளோட பழைய ரகசிய ஆய்வுக்கூடத்தைக் கிளறிடுறாங்க, அடைஞ்சு கிடந்த பேய்கள் கிளம்பிடுது. பேய் பிடிக்கறதையே தொழிலா வச்சிருக்குற பீட்டர், ரே, ஈகன், வின்ஸ்டன் நாலு பேரும் நியூயார்க்ல இருந்து வர்றாங்க. கோபுரமே ஒரு பிரம்மாண்டமான பேய்ச்சிறைன்னு அங்க தெரியவருது.

தொடர் தானே போட்ட விதியை இது உடைக்குதுங்கறதுதான் என் புகார். நியூயார்க்ல இவங்க தங்கி வேலை பார்க்குற பழைய தீயணைப்பு நிலையத்தோட அடித்தளத்துல பிடிச்ச பேய்களை அடைக்குற சிறை இருக்கு, அதுக்கு மின்சாரம் ஒரு கணம்கூட நிக்கக்கூடாது. கார்ட்டூனுக்கு மூலமான 1984 படத்துல சுற்றுச்சூழல் அதிகாரி அதை அணைக்க வச்சதும் கூரை பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. 1889-ல கோபுரத்துல என்ன இருந்துச்சு? வெளிச்சத்துக்கு 10,000 கேஸ் விளக்கு. லிஃப்டுக்கு நீரழுத்தம். அந்த நீரை ஏத்த நீராவி இயந்திரம். உச்சிக் கலங்கரை விளக்கைத் தவிர மின்சாரத்துக்குப் பெரிய வேலையே இல்லை. கோபுரத்தை அலங்கரிக்க மின்விளக்கு வந்ததே 1900-ல. அப்புறம் எதை வச்சுப் பேயை அடைச்சாங்க?

இரும்புப்பூ:
நண்பரே, மின்சாரக் கேள்வி நியாயமானது. ஆனால் ஈபிளை இந்தக் கதைக்குள் இழுத்தது சும்மா அல்ல. கோபுரத்துக்குக் கிடைத்த உரிமம் 20 ஆண்டுகளுக்குத்தான், 1909-ல் முடிகிறது. அதற்குள் அறிவியல் பயன் ஏதாவது காட்டாவிட்டால் பிரித்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் உச்சியில் வானிலை நிலையம் வைத்தார். இரண்டாம் தளத்திலிருந்து கம்பி வழியாகத் தட்டுகளை விழவிட்டுக் காற்றின் எதிர்ப்பை அளந்தார். 1909-ல் கோபுரத்தடியில் காற்றுச் சுரங்கம் கட்டினார். உச்சியில் அவருக்கென்று தனி அறையும் இருந்தது; 1889 செப்டம்பரில் எடிசன் அங்கே வந்து போயிருக்கிறார். ரகசிய ஆய்வுக்கூடம் என்ற கற்பனைக்கும் இந்த உண்மைக்கும் ஒரு படிதான் தூரம்.

இன்னொன்று. 1910-ல் தியோடர் வுல்ஃப் என்ற ஜெசூட் பாதிரியார் கதிர்வீச்சை அளக்கும் தன் மின்மானியுடன் கோபுரத்தில் ஏறினார். காற்றில் உள்ள கதிர்வீச்சு மண்ணிலிருந்து வருகிறது என்பது அன்றைய கருத்து. அப்படியானால் சுமார் 80 மீட்டருக்கு ஒருமுறை அது பாதியாகக் குறைய வேண்டும், 300 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக்கூடாது. கீழே 6 காட்டிய கருவி மேலே 3.5 காட்டியது. 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி, அது விண்ணிலிருந்து வருகிறது என்று நிறுவினார். ஒருவர் கையில் மீட்டருடன் இந்தக் கோபுரத்தில் ஏறி, கண்ணுக்குத் தெரியாத ஒன்று எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்று கண்டது வரலாறு. ஈகன் பேய் ஆற்றலை அளக்கும் பிகேஇ மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் பாரிஸில் கிடையாது.

கருவிப்பெட்டி:
இடம் பொருத்தம், ஒத்துக்கறேன். இயந்திரம் பொருந்தலைங்கறதுதான் என் பேச்சு. கோபுரம் சிறைன்னா ஏதோ ஒரு கூண்டா வேலை செய்யணும். மின்காந்த அலையைத் தடுக்குற உலோகக் கூண்டான ஃபாரடே கூண்டுல ஓட்டையோட அகலம், தடுக்க வேண்டிய அலைநீளத்தைவிட ரொம்பச் சின்னதா இருக்கணும். இங்க காலுக்குக் கால் நடுவுல வளைவு மட்டுமே 74 மீட்டர் அகலம். பேய் குனியக்கூட வேண்டாம்.

இரும்புப்பூ:
கூண்டு என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? ஆன்டெனா என்று பாருங்கள். 1903-க்குப் பிறகு ராணுவ வானொலி உச்சியிலிருந்து கம்பிகளை இறக்கி, ஆயிரம் மீட்டரைத் தாண்டிய அலைநீளங்களில் செய்தி அனுப்பியது. கோபுரம் பிழைத்ததே அதனால்தான். சுற்றி மூட வேண்டியதில்லை, நடுவில் ஒரு புலத்தைத் தாங்கி நின்றால் போதும்.

கருவிப்பெட்டி:
அந்தக் கம்பிகளைக் கோபுரத்தோட ஒட்டாம மின்காப்பு போட்டுத் தொங்கவிட்டாங்களே, ஏன்? கோபுரம் பூமியோட இணைஞ்சிருக்கு. மின்னலுக்காகக் கால்கள்ல இருந்து வார்ப்பிரும்புக் குழாய்களை நிலத்தடி நீர் இருக்குற மண் வரைக்கும் இறக்கியிருக்காங்க. உச்சியில என்ன ஏத்தினாலும் நேரா மண்ணுக்குப் போயிடும். கொள்கலனுக்கு அடியில வடிகால் வச்சா எது நிக்கும்?

செல்தாள்:
நடுவுல வர்றேன். ரெண்டு பேருமே ஓவியத்தை விட்டுட்டீங்க. இந்த எபிசோட் எனக்கு முக்கியமாப் படுறதே அதுக்காகத்தான்.

செல் அனிமேஷன்ல பின்னணி ஒரு தடவை அட்டையில வரையறது, மேல ஆட்கள் தனித்தாள்ல அசையும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை ரெண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினா நொடிக்கு 12 படம். 22 நிமிஷத்துக்கு ஒரு லேயர் மட்டுமே 15,000 படத்தைத் தாண்டும். பேய் ஒரு சுவருக்குப் பின்னால போனா சுலபம்: சுவரோட விளிம்பை மட்டும் மேல் தாளா வெட்டி வச்சா முடிஞ்சுது. ஈபிள் கோபுரத்துல அப்படி முடியாது. 18,038 இரும்புத் துண்டு, 25 லட்சம் ரிவெட். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்துக்கும் நடுவுல பேய் தெரியணும், சட்டத்துக்குப் பின்னால மறையணும். அந்த மேல் தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இரும்புக்கு ரெட்டைக் கோடு விழுந்துடும். அதனாலதான் இந்த மாதிரிக் காட்சிகள்ல பேய் பெரும்பாலும் கோபுரத்துக்கு முன்னாலயே பறக்கும். சண்டையைத் தளத்து மேல வைப்பாங்க, ஏன்னா தளம் தட்டையான தரை.

பொதுவா இன்னும் ரெண்டு தப்பு வரும். கால்களை நேர்கோட்டுல வரைவாங்க. அது காற்றழுத்தத்தைக் கணக்குப் போட்டு வந்த வளைவு. அடியில இருக்குற பெரிய வளைவுகள் எடையைத் தாங்குற மாதிரி தடிமனா வரும். அது கட்டடக் கலைஞர் சோவெஸ்த்ர் அழகுக்குச் சேர்த்தது. தளங்கள் 57, 115, 276 மீட்டர்ல இருக்கு. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுலதான் பெரிய இடைவெளி. மூணையும் சம தூரத்துல வச்சா உயரமே செத்துப் போயிடும்.

நதிக்கரை:
செல்தாள் அண்ணே, அருமை. கருவிப்பெட்டி சாருக்கு ஒண்ணு சொல்லணும். "வேலையாட்கள் கிளறிட்டாங்க"ங்கற ஆரம்பத்தை யாரும் கண்டுக்கலையே? எண்பதுகளோட முதல் பாதியில கோபுரத்துல பெரிய சீரமைப்பு நடந்து, ஆயிரம் டன்னுக்கு மேல எடையைக் குறைச்சாங்க. ரெண்டாம் தளத்துக்கும் உச்சிக்கும் நடுவுல இருந்த பழைய சுழல் படிக்கட்டை 1983-ல துண்டு துண்டா அறுத்து ஏலம் விட்டாங்க. 1985 கடைசி நாள்ல மஞ்சள் சோடியம் விளக்கு வந்துச்சு. நூறு வருஷப் பழசை உள்ள புகுந்து பிரிச்ச காலம் அது. கார்ட்டூன் அதுக்குப் பின்னாடியே வருது.

நியூயார்க் தொடர்பும் இருக்கு. சுதந்திர தேவி சிலைக்கு உள்ள இருக்குற இரும்பு எலும்புக்கூடு ஈபிள் நிறுவனத்தோடது. அங்க வேலை பார்த்த பொறியாளர் கோஷ்லான் போட்ட கணக்கு. கோபுரத்தோட முதல் வரைபடமும் அதே கோஷ்லானும் இன்னொரு பொறியாளர் நூகியேயும் போட்டதுதான். 1989-ல ரெண்டாவது படத்துல இந்த டீம் அந்தச் சிலையைத்தான் நடக்க வைக்குது. ஊர்ல ஒரு ஈபிள் சட்டகம், பாரிஸ்ல இன்னொண்ணு.

இரும்புப்பூ:
இந்தச் சீரமைப்பை வைத்தே மின்சாரக் கேள்விக்கும் வழி சொல்லலாம். சிறையைக் கோபுரத்தின் இரும்பில் வைக்காமல், இரண்டாம் தளத்திலிருந்து உச்சிக்குப் போன, எதூ என்ற பொறியாளர் அமைத்த நீரழுத்த லிஃப்டின் தடத்தில் வையுங்கள். அது 160 மீட்டர். நடுவழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டியிருந்தது. உந்தித் தள்ளியது 80 மீட்டர் நீரழுத்த உருளை. மின்காப்பிட்ட கம்பிகளை அந்தத் தடத்தில் இறக்கினால் மண்ணுக்கு வடியும் சிக்கல் இல்லை. நீரின் ஓட்டத்தில் ஒரு சிறு டைனமோ சுற்றலாம், 1889-ல் டைனமோ இருந்தது. அந்த லிஃப்டை மாற்றி மின்சார லிஃப்ட் போட்டதும் இதே 1983-ல்தான். பேய் கிளம்பியதற்குக் காரணமும் கிடைத்துவிட்டது.

நதிக்கரை:
பிடிச்ச பேயை எங்க கொண்டுபோறதுங்கறதும் இதுல தீர்ந்துடுது. இவங்க பேய் பிடிக்குற ஆயுதத்தோட முதுகுப்பையில சொந்தத் துகள் முடுக்கி இருக்கு, ஊர் மின்சாரம் வேண்டாம். ஆனா கால்ல மிதிச்சுத் திறக்குற பொறி தற்காலிகம்தான். சிறையில கொட்டியே ஆகணும். நியூயார்க் சிறை மாதிரி ஒண்ணை அங்க நிறுவணும்னா 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செஞ்ச கருவியை பிரான்ஸ்ல அப்போ இருந்த 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்ல ஓட்டணும். மின்மாற்றி வச்சு வோல்ட்டைக் குறைச்சாலும் ஹெர்ட்ஸ் மாறாது. அதே வோல்ட்ல 50 ஹெர்ட்ஸ் கொடுத்தா இரும்பு உள்ளகத்துல காந்தப்பாயம் 20 சதவீதம் ஏறி, சூடாகி எரியும். கோபுரத்தையே திரும்ப இயக்குறதுதான் புத்திசாலித்தனமான முடிவு.

கருவிப்பெட்டி:
ஹெர்ட்ஸ் கணக்கு சரி. எதூ லிஃப்ட் யோசனைதான் தாங்காது. அந்த நீர் உறைஞ்சுடும்னுதான் குளிர்காலத்துல அந்த லிஃப்டையே நிறுத்தி வச்சாங்க. வருஷத்துல பல மாசம் ஓட்டம் கிடையாது, டைனமோ சுத்தாது. முதல் குளிர்காலத்துலயே, 1889 டிசம்பர்லயே, மொத்தப் பேயும் வெளிய வந்திருக்கணும். சேமிப்புக்கு ஈய மின்கலம் வச்சீங்கன்னா அதோட எடையை எந்தத் தளத்துல ஏத்துவீங்க, அமிலத்தை யார் மாத்துவாங்க, அதைச் சொல்லுங்க. அதுக்குப் பதில் வந்தா இந்த எபிசோடை நானும் தூக்கி வச்சுப் பேசுறேன்.