புதுப்பிப்பு: லண்டன் வீட்டு மரத்தரைக்குக் கீழே சுடுநீர்க் குழாய்

லண்டனில் அண்ணா வாங்கிய பழைய வீட்டில், தீராந்திகளின் (தரையைத் தாங்கும் நீள மரங்கள்) மேல் பலகை அடித்த தரைக்குக் கீழே, வீட்டைச் சூடாக்கச் சுடுநீர்க் குழாய் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிளிநொச்சியில் இருக்கும் உங்களுக்கு ஏன் இது என்று சிலர் கேட்டீர்கள். அப்பா முதிரை, பாலை மரங்களில் காலமெல்லாம் தச்சு வேலை செய்தவர். அண்ணா படங்களை அவருக்குத்தான் அனுப்புகிறார்.

சரி, வேலை தொடங்கிவிட்டது. பலகைகளைக் கழற்றி, தீராந்திகளுக்கு இடையில் வெப்பக் காப்புப் பலகை வைத்து, அதற்கு மேல் அலுமினியத் தகடு போடுகிறார்கள். தகட்டின் பள்ளத்தில் 16 மி.மீ. குழாய் அமர்கிறது. தகடு இல்லாவிட்டால் குழாய்க்கு நேர் மேலே மட்டும் சுடும், மற்ற இடமெல்லாம் குளிர்ந்தே கிடக்கும். தகடு பலகையின் அடியோடு நன்றாக ஒட்டியிருக்கவும் வேண்டும்.

குழாய் தீராந்தியைக் கடக்கும் இடத்தைத்தான் அப்பா திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார். "நடுவில வெட்டாதை தம்பி, பாரம் அங்கதான் வளைக்கும். சுவர்ப் பக்கமா மேலால கொஞ்சம் வெட்டு" என்றார். அங்குள்ள விதியும் அதுதான்: வெட்டின் ஆழம் தீராந்தி உயரத்தில் எட்டில் ஒன்றுக்குள்; இடம் சுவரோடு ஒட்டாமல், நீளத்தின் முதல் கால் பங்குக்குள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம், சுவரடியில் உள்ள காற்றுத் துவாரங்களை அடைக்கவே கூடாது. மரம் ஈரத்தில் உக்கிவிடும். பலகையின் மேற்பரப்பு வெப்பநிலை 27 பாகை செல்சியஸைத் தாண்டாமலும் வைத்திருக்க வேண்டும்.

இப்போது குழாயில் தண்ணீர் ஏற்றி அழுத்தம் பார்க்கிறார்கள். கசிவு இல்லையென்றால் அடுத்த கிழமை பலகை அடிப்பார்கள்.