ரத்தப் பரிசோதனையில் 'அதிக அபாயம்' என்று வந்திருக்கிறது, 99% உறுதி என்றால் முடிந்ததா?

மழைத்துளி: வயது 27, இது 12ஆவது வாரம். என்ஐபிடி (அம்மாவின் ரத்தத்தை வைத்துக் கருவின் குரோமோசோம் கோளாறைத் தேடும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் டிரைசோமி 13, அதாவது 13ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது, 'அதிக அபாயம்' என்று போட்டிருக்கிறது. இந்தப் பரிசோதனை 99% சரியாக இருக்கும் என்று எல்லா இடத்திலும் படித்துவிட்டேன். ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். எதை நம்புவது? தூக்கமே வரவில்லை.

குறுக்குவழி: அந்த 99க்கு நீங்கள் நினைக்கிற அர்த்தம் இல்லை. குறைபாடு உள்ள 100 கருவில் எத்தனையைப் பிடிக்கும் என்பதுதான் அது. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நிஜமாகவே இருக்கிறது என்பது வேறு கணக்கு. உதாரணத்துக்கு 10,000 பேரில் 2 பேருக்குத்தான் இந்தப் பிரச்சினை, ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பாசிட்டிவ் வருகிற 12 பேரில் 10 பேர் வீணாகப் பயந்தவர்கள். டவுன் சிண்ட்ரோம் இதைவிட அதிகம் வருவதால் அங்கே பாசிட்டிவ் வந்தால் நம்பகம் கூடுதல், அம்மாவின் வயது ஏற ஏற இன்னும் கூடும். 13 அரிது, அதுவும் 27 வயதில். 'பிபிவி', அதாவது பாசிட்டிவ் வந்தவர்களில் நிஜமாகவே குறைபாடு இருப்பவர்களின் சதவீதம், எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள், ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருக்க வேண்டிய எண் அது.

நிலாமுற்றம்: இன்னொரு விஷயம். குழந்தையின் டிஎன்ஏ என்று சொல்கிறார்களே தவிர, அம்மா ரத்தத்தில் மிதப்பது பெரும்பாலும் நஞ்சிலிருந்து (பிளசென்டா) உதிர்ந்த துணுக்குகள்தான். 1997இல் டென்னிஸ் லோ என்ற ஆய்வாளரின் குழு கண்டுபிடித்தது, அம்மா ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ இருக்கிறது என்பதை; அது பெரும்பாலும் நஞ்சிலிருந்து வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சில சமயம் நஞ்சில் மட்டும் குரோமோசோம் கோளாறு இருக்கும், குழந்தைக்கு இருக்காது. அதனால்தான் ஸ்கேன் சரியாக இருந்தால் பலர் நஞ்சுத் திசுவை எடுக்கும் சிவிஎஸ்ஸை விட்டுவிட்டு, 15 வாரம் தாண்டிப் பனிக்குட நீரை எடுக்கும் அம்னியோவுக்குக் காத்திருக்கிறார்கள். இந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

மழைத்துளி: நன்றி. ஆனால் அம்னியோவில் கரு கலையும் என்று பயமுறுத்துகிறார்களே?

நிலாமுற்றம்: ஆபத்து இருக்கிறது, ஆனால் 200இல் ஒன்றுக்கும் குறைவு. அனுபவமுள்ளவர் செய்ய வேண்டும். அதுவரை மூன்று வாரம் காத்திருப்பதுதான் கொடுமை, அதற்கு என்னிடம் மருந்து இல்லை. டிரைசோமி 13 இருந்தால் பெரும்பாலும் ஸ்கேனிலேயே ஏதாவது தட்டுப்படும், ஆகவே நடுவில் ஒரு விரிவான ஸ்கேன் கேட்டுப் பாருங்கள்.

குறுக்குவழி: அப்புறம், அம்னியோ நார்மல் என்று வந்தாலும் 20ஆவது வார ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். இதயம், முதுகெலும்புக் குறைகள் எல்லாம் குரோமோசோம் சரியாக இருந்தாலும் வரலாம்.